துரை கரையில் நின்ற நாற்பத்தாறு விநாடி

ஆறு மணி நேரத்தில் விமானத்தில் போய் இறங்கக்கூடிய ஊருக்கு இருபத்திரண்டு நாள் படகில் கிளம்பிய அக்கா தம்பியைப் பற்றித் துறைமுகத்தில் இரண்டு கருத்து இருக்கவில்லை. இரண்டு பேருக்குமே மறை கழன்றுவிட்டது. அக்காவுக்கு அறுபத்தொன்று, தம்பிக்கு ஐம்பத்தாறு. இந்த வயதில் கழன்றால் திரும்ப மாட்டுவது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். காரணம் தெரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தார்கள். காரணம் ஒரு நாய்.

நாயின் பெயர் துரை. பெயருக்கேற்ற வம்சமெல்லாம் கிடையாது. ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்து கிடக்கும். ஆஸ்பத்திரியின் பின்வாசலில், அழுக்குத் துணி ஏற்றும் தள்ளுவண்டிக்குள் குட்டியாகக் கிடந்தவர். துணியோடு துணியாகச் சலவைக்குப் போயிருக்க வேண்டியவரை, அங்கே நர்ஸாக இருந்த அக்காதான் தூக்கி எடுத்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே அவளுடைய தலையணையைத் தனதாக்கிக்கொண்டார். சாப்பாடு வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு, குறை சொல்ல மனமில்லாத மேலதிகாரி மாதிரி நகர்ந்து போனார். அன்றிலிருந்து துரை.

துரையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அக்காவின் வியாதியைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு எழுதும் வியாதி. கதை கவிதை இல்லை, அதெல்லாம் எழுதினால்கூடப் போகட்டும் என்று விட்டுவிடலாம். அவள் எழுதியது சார்ட். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று நேரம் போட்டு எழுதும் தாள். நேரம், உள்ளே, வெளியே, இடம், குறிப்பு, கையெழுத்து என்று ஆறு கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. எழுதாதது நடக்காதது, கையெழுத்து இல்லாதது எழுதாதது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக் கொடுத்ததை மற்ற நர்ஸுகள் எல்லாம் இரண்டாவது வாரமே மறந்துவிட்டார்கள். இவள் ஓய்வு பெற்ற பிறகும் மறக்கவில்லை.

அதற்கு அவள் பட்ட பாடும் உண்டு. ஒருமுறை, பத்து மணிக்குப் போட வேண்டிய ஊசி ஒன்று டாக்டர் வராததால் பதினொன்றரைக்குப் போடப்பட்டது. அக்கா பதினொன்றரை என்று எழுதினாள். தலைமை டாக்டர் கூப்பிட்டு, "சிஸ்டர், இதைப் பத்துன்னு மாத்திடுங்க, ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார். "ஒண்ணும் ஆகப்போறதில்லன்னா அப்படியே இருக்கட்டும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் அவளைக் கருவிகள் சுத்தம் செய்யும் அறைக்கு மாற்றினார்கள். பதினோரு வருஷம் கத்திரிக்கோல் வேகவைத்தாள். அந்தப் பதினோரு வருஷமும் அவளிடம் யாரும் ஒரு சார்ட் கேட்கவில்லை. கத்திரிக்கோலுக்கு உள்ளே போவதும் இல்லை, வெளியே வருவதும் இல்லை.

தம்பி படகுச் சேவையில் என்ஜின் டிரைவர். இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அக்கா ஒரு காரணமும், தம்பி ஒரு காரணமும், இருவரும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு காரணமும் சொல்வார்கள். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய மீன்பிடிப் படகை வாங்கி, பாய்மரம் ஏற்றி, அறை கட்டி, முதல் பயணமாகப் பன்னிரண்டு நாள் போய் வந்தார்கள். துரையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் தப்பு. திரும்பி வந்தபோது துரை வாசற்படியில் தலையை வைத்துப் படுத்திருந்தார். எழுந்திருக்கவில்லை, வாலை மட்டும் ஒரு தடவை அசைத்தார். பதினெட்டுக் கிலோ இருந்தவர் பதினாலு கிலோ ஆகியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி, "பிஸ்கட்டைக்கூடத் தொடல அக்கா" என்று அழுதாள். அன்றைக்கு அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். இனி இவன் இல்லாமல் எங்கேயும் இல்லை. அப்போது துரைக்கு வயது பத்து.

முடிவு சுலபம். துரை படகில் ஒன்றுக்குப் போக மாட்டேன் என்றதுதான் சிக்கல். தரை என்றால் போவார், மரம் என்றால் ஆனந்தமாகப் போவார், படகின் தளம் என்றால் இது வீடு என்று நினைத்தாரோ என்னவோ, மானஸ்தர், அடக்கிக்கொள்வார். அக்கா ஒரு பிளாஸ்டிக் புல்பாயை வாங்கி முன்தளத்தில் விரித்தாள். துரை அதன்மேல் படுத்துத் தூங்கினார்.

"அவனுக்குப் புரியல. யாராவது செஞ்சு காட்டணும்" என்றாள் அக்கா.

"யாரு?" என்றான் தம்பி.

அக்கா அவனையே பார்த்தாள்.

"அக்கா, நான் முப்பது வருஷம் என்ஜின் ஓட்டினவன். எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"நடுக்கடல்ல யாருடா பாக்கப்போறா? நான் திரும்பிக்கிறேன். சீக்கிரம் போ, அவன் முழிச்சிட்டான்."

தம்பி செய்து காட்டினான். துரை அக்கறையாகப் பார்த்துவிட்டு, எழுந்து போய் முன்தளத்தில் கிடந்த கயிற்றுச் சுருளின்மேல் காலைத் தூக்கினார். தம்பி அன்று காலைதான் சுற்றி வைத்த புதுக் கயிறு. அதற்குப் பிறகு முடிந்தவரை அடக்குவார், முடியாவிட்டால் கயிறு. பாயைத் தீண்டவே மாட்டார். அக்கா அனைத்தையும் சார்ட்டில் எழுதினாள். அளவு பார்க்க வழியில்லாததால், நாடி பிடிக்கும்போது எண்ணுகிற மாதிரி வாட்சைப் பார்த்து விநாடியில் எண்ணினாள். 'இடம்: கயிறு. இருபத்தைந்து விநாடி. குறிப்பு: தம்பி திட்டினான்.' மூன்று வருஷத்தில் நான்கு ஃபைல் சேர்ந்தது.

இப்படியிருக்கும்போதுதான் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவளைப் பார்த்துப் பத்தொன்பது வருஷம். விமானத்தில் போனால் துரையைப் பெட்டியில் அடைத்துச் சாமான்களோடு போடுவார்கள் என்றதும் அக்கா விமானத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டாள். படகில் போனால் அந்த ஊரின் சட்டம் இருந்தது: வெளிநாட்டு நாய் வந்தால் முப்பது நாள் தனிமைக் கொட்டகை. ஆனால் ஊசிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்து, வழியில் எந்த மண்ணிலும் நாய் கால் வைக்காமல் வந்திருந்தால், படகிலேயே சீல் வைத்து இருக்க விடுவார்கள். பதின்மூன்று வயது நாய் தனியாக முப்பது நாள் கூண்டில் இருந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குக் கணக்குப் போடத் தெரியும். பன்னிரண்டு நாளுக்கு நாலு கிலோ. முப்பது நாளில் துரை திரும்பி வர மாட்டார்.

"கால் வைக்காம போயிடலாம்" என்றாள். போனார்கள்.

ஒன்பதாம் நாள் வரை எல்லாம் ஒழுங்கு. அப்புறம் காற்று எழும்பியது. முன்தளத்தில் தண்ணீர் அடித்தது, கயிற்றை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்கள். துரை அறைக்குள் படுத்து, பாயை ஒரு பார்வை பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து மணி நேரம் ஆனது, இருபது ஆனது. முப்பத்தெட்டாவது மணியில் அக்கா அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கல்லாக இருந்தது. துரை நடுங்கிக்கொண்டு அவள் கையை நக்கினார். பதினொன்றாம் நாள் விடிந்தபோது காற்று அடங்கி, எதிரே ஒரு பாறைத் திட்டு தெரிந்தது. ஒரே ஒரு மரம், மீதியெல்லாம் பறவை எச்சம்.

"இது தீவுகூட இல்லக்கா. கடலுக்கு வந்த பரு. இதையெல்லாம் மண்ணுன்னு எவன் சொல்லுவான்?" என்று சொல்லிக்கொண்டே தம்பி ரப்பர் படகை இறக்கினான்.

துரை திட்டில் கால் வைத்தார், மரத்தைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வாட்சைப் பார்த்து எண்ணினாள். நாற்பத்தாறு விநாடி. அவள் வேலை பார்த்த காலத்தில்கூட இப்படியொரு நிம்மதியான முகத்தை அவள் பார்த்ததில்லை. படகுக்குத் திரும்பியதும் பேனாவை எடுத்து எழுதினாள்: 'காலை 6.10. நாற்பத்தாறு விநாடி. இடம்: கரை. குறிப்பு: மிக்க ஆறுதல்.' கையெழுத்தும் போட்டாள்.

மீதிப் பதினொரு நாளும் தம்பி அவளுக்குப் பாடம் எடுத்தான்.

"நாய் எங்கயாவது எறங்குச்சான்னு கேப்பான். என்ன சொல்லுவே?"

"இ... இல்ல."

"எங்க, என் கண்ணைப் பாத்து சொல்லு."

"இல்லடா."

"கொலை பண்ணிட்டு வந்தவ மாதிரி இருக்கு. நீ வாயே தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

அக்கா ஒத்துக்கொண்டாள். வாயைத் திறப்பதில்லை என்பது ஒப்பந்தம். கையைப் பற்றி இருவரும் யோசிக்கவில்லை.

இருபத்திரண்டாம் நாள் துறைமுகத்தில் படகைக் கட்டியதும் கால்நடை அதிகாரி ஏறி வந்தார். கண்ணாடி மூக்கு நுனியில், சட்டைப் பையில் மூன்று பேனா, மனைவி கட்டிக் கொடுத்த டப்பா ஒரு கையில், சீல் பெட்டி இன்னொரு கையில். நல்ல மனிதர் என்று பார்த்தாலே தெரிந்தது, அதுதான் தம்பிக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. ஊசிச் சீட்டு சரி, ரத்த ரிப்போர்ட் சரி. "வழியில எங்கயும் எறக்கலையே?" என்று கேட்டார். "எறக்கல சார்" என்றான் தம்பி, இமைகூட அசையாமல். துரை அதிகாரியின் செருப்பை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தார். அதிகாரி சீல் பெட்டியைத் திறந்தார்.

"பயணத்துல உடம்பு எப்படி இருந்துச்சுன்னு ஏதாவது எழுதி வெச்சிருந்தா ஒரு பார்வை பாப்பேன்" என்றார். "சும்மா கேக்கிறேன். யாரும் எழுதுறதில்ல. இருபது வருஷத்துல ஒருத்தர்கூடக் காட்டினதில்ல."

தம்பி திரும்புவதற்குள் அக்காவின் கை ஃபைலை நீட்டிவிட்டது. பதினோரு வருஷம் கத்திரிக்கோல் வேகவைத்தவளிடம் ஒரு மனுஷன் வந்து சார்ட் இருக்கிறதா என்று கேட்கிறான். அவள் அந்த நேரத்தில் துரையை மறந்தாள், தீவை மறந்தாள், ஒப்பந்தத்தை மறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஃபைல் அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குப் பதினொன்றாம் நாள் ஞாபகம் வந்தது.

அதிகாரி ரசித்துப் படித்தார். "அடேங்கப்பா. இப்படி ஒரு ரெக்கார்டு எங்க ஆபீஸ்லகூட இல்லம்மா." ஒரு தாளைத் திருப்பினார். "இது என்ன, 'இடம்: பாய். தம்பி, செய்முறை விளக்கம், இரண்டாம் முறை'?"

"அதை விடுங்க சார்" என்றான் தம்பி.

இன்னும் இரண்டு தாள் திருப்பினார். அப்புறம் திருப்பவில்லை. கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அதே வரியை இன்னொரு தடவை படித்தார். தம்பி வானத்தைப் பார்த்தான். அதிகாரி ஃபைலை மூடி, மெதுவாக இருக்கையில் வைத்தார்.

"எனக்கு இப்போ டீ நேரம். வர அரை மணி ஆகும்" என்றார். "ஃபைல் இங்கயே இருக்கட்டும். நான் இன்னும் எதையும் படிக்கல. வந்துதான் முதல்லேருந்து படிப்பேன்." அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

"கடவுளே நேர்ல வந்துட்டு டீ குடிக்கப் போயிருக்கார்" என்றான் தம்பி. "கிழி அக்கா."

அக்கா ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற எழுது. கரைங்கிற இடத்துல பாய்னு போடு. ஒரு வார்த்தை."

"நான் ஒரு தடவகூட மாத்தி எழுதினதில்லடா."

"தெரியும். அதுக்கு ஆஸ்பத்திரி உனக்குக் கத்திரிக்கோல் குடுத்துச்சு. இப்போ எழுதலேன்னா கூண்டு உனக்கில்ல, அவனுக்கு. அந்த டாக்டர்மேல இருக்கிற உன் கோபத்துக்கு இவன் ஏன் சாகணும்?"

அது சுருக்கென்று தைத்தது. தம்பி சொன்னது சரிதான் என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. துரை அவள் காலடியில் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தாளைக் கிழித்தாள். தலைமை டாக்டர் கேட்டும் செய்யாததை, துரை கேட்காமலே செய்தாள். கிழித்ததை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு புதுத் தாளை எடுத்து, கட்டம் போட்டு, பதினொன்றாம் நாள் முழுவதையும் அழகாகத் திரும்ப எழுதினாள். 'இடம்: பாய்.'

அதிகாரி சரியாக அரை மணியில் வந்தார். புதிதாக ஒரு புத்தகம் வாங்கியவர் மாதிரி ஃபைலை முதலிலிருந்து படித்தார். பதினொன்றாம் நாள் வந்தது. தலையை ஆட்டினார். சீலை எடுத்தார், மையில் ஒற்றினார், அப்புறம் நிறுத்தினார்.

"எல்லா வரியிலயும் கையெழுத்து இருக்கும்மா. இந்த ஒரு வரியில மட்டும் விட்டுட்டீங்க. போட்டுடுங்க, முடிஞ்சிடும்." அவரே பேனாவைத் திறந்து கொடுத்தார்.

அக்கா பேனாவை வாங்கினாள். கட்டத்தில் நுனியை வைத்தாள். நீலமாக ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளி பெரிதானதே தவிர எழுத்தாகவில்லை. பொய்யை எழுதிய கை, அது உண்மை என்று ஒப்பமிட மறுத்தது.

"கை வரல சார்" என்றாள். பையிலிருந்து பழைய தாளை எடுத்து, மடிப்பைத் தடவி நீவி, அவர் முன்னால் வைத்தாள். "இதுல இருக்கு கையெழுத்து."

தம்பி தலையில் கை வைத்து என்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். அதிகாரிக்கும் வருத்தம்தான். சீலை மூடிப் பெட்டிக்குள் வைத்தார். "நான் என்னம்மா பண்றது? உங்களுக்கு உதவி பண்ணலாம்னு பாத்தா நீங்க விட மாட்டேங்கிறீங்க. முப்பது நாள் கொட்டகை."

"சட்டத்தைக் குடுங்க" என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"குடுங்க சார்."

நான்கு பக்கம்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "நாய் வெளிய வரக்கூடாதுன்னு இருக்கு. மனுஷங்க உள்ள போகக்கூடாதுன்னு எங்க இருக்கு?"

அதிகாரி வாங்கிப் பார்த்தார். இல்லை. இப்படியொரு ஆசை யாருக்காவது வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை.

"உள்ள போனா நீங்களும் முப்பது நாள் வெளிய வர முடியாதும்மா. ஒரு ரூம், ஒரு குழாய், ஒரு கட்டில். குலைக்கிற சத்தம் வேற."

"வார்டுல இதைவிடச் சத்தம் சார்" என்றாள். போகும்போது துரையின் தட்டையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டாள். தம்பி பின்னாலேயே ஓடி வந்து புல்பாயைச் சுருட்டிக் கொடுத்தான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

கொட்டகையில் முதல் நாள் அவளுக்கு அழுகை வந்தது. "என் கையெழுத்துக்காக உன்னைக் கொண்டாந்து அடைச்சுட்டேன்டா" என்று துரையிடம் சொன்னாள். துரை கட்டிலின் தலைமாட்டில் ஏறித் தலையணையை எடுத்துக்கொண்டார். தட்டில் வைத்ததை முகர்ந்தார், சலித்துக்கொண்டார், சாப்பிட்டார். அவருக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஊர், சட்டம், சிறை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆள் இருந்தால் போதும். கொட்டகையின் ஒரு மூலையில் ஒரு வேப்பங்கன்று இருந்தது. காலையில் நடந்து போய் அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார்.

தங்கச்சி தினமும் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "பத்தொம்பது வருஷம் கழிச்சுப் பாக்க வந்திருக்கா, ஜெயில்ல" என்று அழுதுகொண்டே சிரித்தாள். இரண்டாவது வாரம் அக்கா பக்கத்துக் கூண்டு நாய்களுக்கும் சார்ட் போட ஆரம்பித்தாள். அதிகாரி அதைப் படம் எடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். துரையின் எடை பதினேழரைக் கிலோவில் அசையாமல் நின்றது. தம்பி வேலிக்கு வெளியே நின்று, "நல்லவேளை, அன்னிக்கு நீ கிழிச்சதைக் காட்டினே. படகுலயே சீல் வெச்சிருந்தா இவனுக்கு மரம் ஏது?" என்று ஒருநாள் சொன்னான். அதைச் சொல்ல அவனுக்குப் பதினாறு நாள் ஆனது.

பதினேழாம் நாள் காலை துரை வழக்கம்போல மரத்துக்குப் போக எழுந்தார். முன்னங்கால்கள் எழுந்தன. பின்னங்கால்கள் நடுங்கின, வழுக்கின, உட்கார்ந்துவிட்டன. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். பதின்மூன்று வருஷத்தில் அவர் முகத்தில் வெட்கத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே விரித்திருந்த புல்பாய்க்கு இரண்டடிதான். நகர்ந்து போய், அதன்மேல் ஒன்றுக்குப் போனார்.

அக்கா வாட்சைப் பார்த்து எண்ணினாள். அவருக்குத் துடைத்துவிட்டு, காதை நீவிவிட்டு, சார்ட்டை எடுத்தாள். 'காலை 6.10. முப்பத்தொரு விநாடி. இடம்: பாய்.' குறிப்புக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. முதுமையில் இடுப்புக்குக் கீழே பலம் விட்டுப்போன நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்தவள். இது எங்கே தொடங்கி எங்கே போகும், ஏறத்தாழ எத்தனை மாதம் என்பதுவரை அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்க் கையெழுத்தைப் போட்டாள்.

தம்பி வந்ததும் தாளை வேலி வழியாக நீட்டினாள். அவன் படித்தான், திரும்பவும் படித்தான், கத்தியே விட்டான். "பாயிலயா? மூணு வருஷம் கழிச்சுப் பாயிலயா? நான் அவ்வளவு கஷ்டப்பட்டுக் காட்டினது வீண் போகலக்கா! திரும்பிப் போறப்ப தீவும் வேணாம், கயிறும் வேணாம்!" அப்புறம் தாளை மறுபடி பார்த்தான். "குறிப்பு எழுதலியே? காலியா இருக்கு?"

"எழுத ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு அக்கா தாளை வாங்கி ஃபைலுக்குள் வைத்தாள். அவளுக்குப் பின்னால், தலையணைமேல் தலையை வைத்து, துரை வாலை ஒரு தடவை அசைத்தார்.